இடம் யாருக்கு?

தேர்தல் வந்தால் பெரம்பலூர், அரியலூர் தேநீர்க் கடைகளில் ஒரே கேள்வி: "வேட்பாளர் யார்?" ஆளை எடைபோடுகிறோம், சட்டத்தையும் கூட்டணியையும் மறக்கிறோம்!

பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் 1996, 1999, 2004 என மும்முறை வென்றவர் ஆ. இராசா. மறுவரையறையில் தனித் தொகுதி பொதுத் தொகுதியாயிற்று. 2009-இல் அவர் நீலகிரிக்குச் சென்றார். இங்கு நெப்போலியன் நின்றார், வென்றார். 2019-இல் பாரிவேந்தர், 2021-இல் அரியலூர் சட்டமன்றத் தொகுதியில் ம.தி.மு.க.வின் சின்னப்பா. ஆள் தோழமைக் கட்சி, சின்னம் உதயசூரியன்!

இடம் கிடைக்காதவர் சினந்து ஒதுங்கினால் மாற்றார்க்கே கொண்டாட்டம். ஆனால் தலைமைக்கும் ஒரு சொல்: சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் உழைத்துவிட்டு, இரவில் சுவரெழுதும் தோழனைக் கேட்டபின் பெயரை அறிவியுங்கள். வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குபவன் அவனன்றோ!