மூளையின் கதவைத் திறக்கும் கரைசல்

மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள், நெருக்கித் தைத்த துணிபோல ஒட்டியிருக்கும். நஞ்சையும் கிருமியையும் வெளியே நிறுத்துவது அந்தத் தையல்தான். மூளையில் லிம்போமா என்னும் புற்றுநோய் வந்துவிட்டாலோ, அதே காவல் மருந்தையும் மறிக்கிறது. கட்டியின் நடுவே தடுப்பு சிதைந்திருந்தாலும், சுற்றிலும் பரவிய செல்கள் அதன் மறைவில் தப்பிக்கொள்கின்றன. வெட்டியெடுத்துத் தீர்க்கக்கூடிய நோயும் அல்ல இது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் டாக்டர் எட்வர்ட் நியூவெல்ட்டின் குழு, அந்தத் தையலைக் கொஞ்ச நேரம் தளர்த்திப் பார்த்தது. நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைக் கழுத்துத் தமனிவரை கொண்டுபோவார்கள். அடர்த்தியான மான்னிடால் கரைசல் அரை நிமிடம் பாயும். அது செல்களிலிருந்து நீரை இழுக்க, செல்கள் சுருங்கி இடைவெளி விழும். பின்னாலேயே மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்து நுழையும். மறுநாள் இன்னொரு தமனி. மாதம் இரண்டு நாள் என ஓராண்டுவரை இது தொடரும்.



நான்கு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை பெற்ற 149 பேரின் விவரம் 2009-இல் வெளியானது. 100-க்கு 58 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. பாதிப் பேர் மூன்று ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். ஆனால் 100 முறை செய்தால் ஒன்பது முறை வலிப்பு வந்தது. கைநரம்பில் மெத்தோட்ரெக்சேட் ஏற்றும் வழக்கமான முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் அல்ல அது. ஆகவே இதை அற்புதச் சிகிச்சை என்று எவரும் விளம்பரப்படுத்தக் கூடாது.

இருந்தும் இந்த முயற்சி மதிக்கத்தக்கது. அந்த 149 பேரில் யாருக்கும் அதற்கு முன் தலை முழுவதும் கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை. அந்தக் கதிர்வீச்சு கட்டியைக் கரைக்கும். கூடவே, குறிப்பாக 60 வயதைக் கடந்தவர்களிடம், நினைவையும் நடையையும் மெல்ல அரித்துவிடும். உயிர் பிழைத்த அப்பா பேரனின் பெயரைத் தேடித் தவிக்கும் வீட்டில், வெற்றி என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

தமனி வழியோ, கைநரம்பு வழியோ, இனி வரும் ஒவ்வோர் ஆய்வும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதோடு, படித்துக் காட்டிய சொற்களில் எத்தனையை நோயாளி அரை மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொன்னார் என்பதும் அதே கோப்பில் ஏற வேண்டும்.