ஹெச்பி கடைசியில் வரட்டும்



விழுப்புரம் மாவட்டம் பனமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கர் கொல்லை. போர் 450 அடி. இதுவரை மல்லாட்டை போட்டவர் இந்த முறை தர்பூசணி வைக்கலாம் என்று இருக்கிறார். “ஐந்து ஹெச்பி போதுமா, ஏழரை போட்டுவிடட்டுமா?” என்பது அவர் கேள்வி. இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்தும் அடிக்கடி வருகிறது. வீடு கட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கடிதத்தில் போரின் ஆழம் இருக்கிறது, நிலத்தின் அளவு இருக்கிறது. இரண்டு விஷயம்தான் இல்லை: மோட்டார் ஓடும்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஊறுகிறது? இவை தெரியாமல் ஹெச்பி சொல்பவர் யாராக இருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரர் ஏழரை போட்டிருக்கிறார் என்பது காரணமே ஆகாது. ஐம்பது அடி தள்ளிப் போட்ட போரில்கூட ஊற்று வேறாக இருக்கும்.

அதற்குக் காரணம் நம் பாறை. பனமலைக் குன்றின் மேல் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறையின் உறுதி தெரியும். அதே இனக் கடும்பாறைதான் விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நம் காலடியில் கிடக்கிறது. இதில் தண்ணீர் எங்கும் பரவி நிற்பதில்லை. வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டும்தான் ஓடுகிறது. போர் போகும் வழியில் நல்ல வெடிப்பு குறுக்கிட்டால் ஊற்று, இல்லையென்றால் புழுதி. திண்டிவனத்துக்குக் கிழக்கே கடலோரம் போகப்போக மணற்கல்லும் வண்டலும் வருவதால் அங்கே கணக்கு மாறிவிடும்.

தண்ணீர் மட்டமும் ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோயில் குன்றை ஒட்டியிருக்கும் பனமலை ஏரிதான் நந்தன் கால்வாயின் கடைசி ஏரி. திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்றில் தொடங்கும் அந்தக் கால்வாய், வழியில் 36 ஏரிகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியது. கடைசியில் இருப்பதால் பனமலைக்குத் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகள் உண்டு. ஏரி நிரம்பினால் சுற்றிலும் கிணறுகள் மேலே வந்துவிடும். நிரம்பாத ஆண்டின் சித்திரையில் அதே கிணறுகள் அடி காட்டும். இந்த இரண்டு நிலையையும் ஒரே மோட்டார் சமாளிக்க வேண்டும் என்பதுதான் நம் பகுதியின் சிக்கல்.

அளப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மோட்டார் இறக்குவதற்கு முன், போரில் கயிற்றை விட்டு நனைந்த இடத்தைப் பார்த்தால் நிலைமட்டம் தெரிந்துவிடும். கயிற்றில் சுண்ணாம்பு பூசியிருந்தால் நனைந்த அடையாளம் தெளிவாகத் தெரியும். ஆனால் இறைக்க ஆரம்பித்ததும் மட்டம் கீழே போகும். அந்த இறங்கிய மட்டம்தான் நமக்கு வேண்டும். ஊற்றை அளக்க, இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் ஓடவிட்டு, மட்டம் இறங்குவது நின்ற பிறகு 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 90 வினாடி என்றால் நிமிடத்துக்கு 133 லிட்டர். முதல் பத்து நிமிடத்தில் வருகிற வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது போரில் ஏற்கெனவே நின்ற தண்ணீர்.

போர் போடுகிறவர்கள் சொல்லும் “இன்ச்” கணக்கையும் இங்கே விளக்கிவிடுகிறேன், இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். “மூன்று இன்ச் தண்ணி வந்திருக்கு” என்றால் மூன்று இன்ச் குழாய் நிறைய வருகிறது என்று பொருள் இல்லை. ‘வி’ வடிவில் வெட்டிய தகட்டின் வழியே தண்ணீரை விட்டு, அந்த வெட்டில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று பார்க்கும் அளவு அது. செங்கோண வெட்டில் ஒரு இன்ச் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டரை லிட்டர்தான். இரண்டு இன்ச் என்றால் 48 லிட்டர், மூன்று என்றால் 133. ஒன்று இரண்டாகும்போது தண்ணீர் இரட்டிப்பாவதில்லை, ஐந்தரை மடங்குக்கு மேல் போகிறது. ஆகவே ஒன்றரையை இரண்டு என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டால், உண்மையில் இருப்பதைப் போல இரண்டு மடங்குத் தண்ணீர் இருப்பதாக நம்பி மோட்டார் வாங்குவீர்கள். இன்ச்சில் சொன்னால் லிட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது வாசகரின் கொல்லைக்கு வருவோம். அவர் போரில் மூன்று இன்ச் தண்ணீர், இறைக்கும்போது மட்டம் 200 அடி என்று வைத்துக்கொள்வோம். 200 அடி என்பது 60 மீட்டர் சொச்சம். சொட்டுநீருக்கு வடிகட்டியும் அழுத்தமுமாக 15 மீட்டர், குழாய் உராய்வுக்கு 5 மீட்டர். மொத்த ஹெட், அதாவது பம்பு தண்ணீரைத் தள்ள வேண்டிய மொத்த உயரம், 80 மீட்டர். 450 அடி என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனியுங்கள். ஊற்று 133 லிட்டர் என்றால் 120 மட்டும் எடுப்போம், அதாவது வினாடிக்கு 2 லிட்டர். வினாடி லிட்டரை ஹெட்டால் பெருக்கி 75ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்கத் தேவையான ஹெச்பி கிடைக்கும்: 2.13. பம்பின் திறன் 55 சதவீதம் என்றால் மோட்டார் தர வேண்டியது 3.9. ஆக ஐந்து ஹெச்பி தாராளம்.

ஏழரை போட்டால் என்ன ஆகும்? பால் வற்றிய மாட்டைப் பத்துப் பேர் கறந்தாலும் சொம்பு நிறையாது. ஊறுவதைவிட வேகமாக இழுப்பதால் மட்டம் பம்புக்குக் கீழே போகும், பம்பு காற்றைப் பிடிக்கும், நீரால் குளிர வேண்டிய மோட்டார் சூடேறும், காயில் எரியும். எரிந்த மோட்டாரைப் போரிலிருந்து ஏற்றி, வைண்டிங் கட்டி, திரும்ப இறக்கும் செலவு எவ்வளவு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

அதே ஐந்து ஹெச்பி மோட்டார் ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஓடினால் 43,200 லிட்டர் தருகிறது. இரண்டு ஏக்கருக்கு 5 மில்லிமீட்டர் கணக்கில் சொட்டுநீர் விட 40,500 லிட்டர் வேண்டும். சரியாக வந்துவிட்டது. இதையே வாய்க்கால் வழியே இரண்டு அங்குலம் நிற்கும்படி கட்ட நினைத்தால் இரண்டு ஏக்கருக்கு நாலு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகும். ஒரு சுற்று முடிய ஒன்பது நாளைத் தாண்டும். வாசகருக்கு வேண்டியது பெரிய மோட்டார் இல்லை, சொட்டுநீர்க் குழாய் என்பது என் முடிவு. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மோட்டாரைப் பெரிதாக்குவது எனக்கு மனம் வராத காரியம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இந்த ஹெட் கணக்கிலிருந்தே வருகிறது. விழுப்புரத்தில் ஒரு மோட்டார் கடையில் உட்கார்ந்திருந்தபோது வயதான விவசாயி ஒருவர் வந்தார். “தம்பி, அஞ்சு ஹெச்பி சம்மர்சிபிள் என்ன விலை?” என்றார். கடைக்காரர் விலையைச் சொல்லவில்லை. “ஐயா, எத்தனை ஸ்டேஜ் வேணும்? உங்க தண்ணி எத்தனை அடியில நிக்குது?” என்று கேட்டார். நல்ல கடைக்கு அதுதான் அடையாளம். ஸ்டேஜ் என்பது பம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இம்பெல்லர் அடுக்கு. ஒரே ஐந்து ஹெச்பியில் ஸ்டேஜ் குறைவான பம்பு குறைந்த உயரத்துக்கு நிறையத் தண்ணீர் தரும். ஸ்டேஜ் கூடினால் அதிக உயரத்துக்குக் கொஞ்சமாகத் தரும். பெயர்ப்பலகையில் இருக்கும் அதிகபட்ச ஹெட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் சொட்டும் வராது. உங்கள் ஹெட்டில் வினாடிக்கு எத்தனை லிட்டர் என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். குழாயையும் ஒடுக்கிவிடாதீர்கள். இரண்டு அங்குலத்துக்குப் பதில் இரண்டரை போட்டால் அதே தண்ணீருக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்குப் பிறகு 200 அடியில் இருந்த மட்டம் 20, 30 அடிக்கு வந்துவிட்டால், 80 மீட்டருக்கு என்று வாங்கிய பம்பு திடீரென்று முப்பது மீட்டருக்கும் குறைவான ஹெட்டில் ஓடும். தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்து நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பல பம்புகள் அந்த நிலையில் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். இம்பெல்லர்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டுத் தேயும். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது மோட்டார் எரிந்தால், வோல்டேஜைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி, பேனலில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பெயர்ப்பலகை அளவுக்குள் கொண்டுவந்தால் போதும்.

வீட்டுக் கணக்கு இதைவிட எளிது. தரைத்தொட்டியிலிருந்து மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டிக்குப் பத்து மீட்டர் என்றால், அரை மணியில் நிரப்ப அரை ஹெச்பி போதும். போரில் தண்ணீர் 150 அடியில் இருந்தால் ஒரு ஹெச்பி சப்மெர்சிபிள் வேண்டும். தரைக்கு மேல் வைக்கும் சாதாரண மோட்டார் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது. எவ்வளவு ஹெச்பி கூட்டினாலும் உறிஞ்சாது, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம். பழைய கிணறுகளில் உள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தது அதனால்தான். குடிநீர்க் குழாயில் நேராக மோட்டார் வைப்பது குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் போக வேண்டாமா?

அந்த நியாயம் கொல்லைக்கும் பொருந்தும். நம் மாநிலத்தில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதனால் கூடுதல் ஹெச்பிக்கு நம் வீட்டுக்குப் பில் வருவதில்லை. ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் எல்லோரும் அளவுக்கு மேல் மோட்டார் போட்டால் லைனின் கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் விழுகிறது. எரிவது அவர் மோட்டார். அவரும் நம் ஊர்க்காரர்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரையில் ஒரு நாளும் மார்கழியில் ஒரு நாளும் உங்கள் கிணற்றையும் போரையும் அளந்து பாருங்கள். ஊர், தண்ணீர் மட்டம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஓடுகிற மோட்டாரின் ஹெச்பி, ஸ்டேஜ் ஆகியவற்றை ஒரு அஞ்சலட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். புதிதாகப் போர் போடுகிற உங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்