மதக் குத்தகைதாரர்களுக்கு அஞ்சாத கலைஞர்

இந்தித் திரையுலகில் எனக்கு மிகவும் பிடித்த நடிகர் இர்ஃபான் கான். வசனத்தை உரக்கப் பேசிக் கைதட்டல் வாங்கும் மரபில் அவர் நின்றதில்லை. ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தில் பணி ஓய்வை நெருங்கும் ஓர் அலுவலக ஊழியரின் தனிமையைக் கண்களாலேயே உணர்த்தினார். நிலத் தகராறில் நீதி கிடைக்காமல் சம்பல் பள்ளத்தாக்கில் துப்பாக்கி ஏந்திய ஓட்டப்பந்தய வீரராக நடித்த ‘பான் சிங் தோமர்’ அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. திரைப்படப் புகழுக்கு முன்பே, தூர்தர்ஷன் நாடகம் ஒன்றில் அவர் லெனினாகவும், ‘கஹகஷான்’ தொடரில் தெலுங்கானா போராட்டத்தின் கவிஞர் மக்தூம் மொஹியுதீனாகவும் நடித்திருந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஆனால் அவரை மதிக்க நடிப்பு மட்டுமே காரணம் அன்று. 2016 ரமலான் மாதத்தில், ஜெய்ப்பூரில் அவர் சில கேள்விகளை எழுப்பினார். குர்பானி என்பது தனக்கு நெருக்கமான ஒன்றைத் துறப்பது. சந்தையில் ஆட்டை வாங்கி அறுப்பதில் எதைத் துறக்கிறோம்? தன்னைத் தானே ஆராயாமல் நோன்பு மட்டும் நோற்பதால் என்ன பயன்? மதத் தலைவர்கள் சிலர் கொதித்தெழுந்தனர். நடிப்போடு நிறுத்திக்கொள்ளுமாறு அவருக்கு அறிவுரை வந்தது. அவர் பின்வாங்கவில்லை. தமக்கு மதம் என்பது சுயபரிசோதனை, கருணையின் ஊற்று என்றார். மதகுருமார்கள் தம்மை அச்சுறுத்த முடியாது என்றார். மதத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஆளும் நாட்டில் தாம் வாழாததற்கு இறைவனுக்கு நன்றியும் சொன்னார்.

அடுத்த சில நாட்களில், ஜூலை 1 அன்று, டாக்கா உணவகத் தாக்குதலில் 20-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மதத்தின் பெயரால் நடக்கும் கொலைகளைக் கண்டு முஸ்லிம்கள் மௌனமாக இருக்கலாமா என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார்.

இத்தகைய குரல்களைப் பிடுங்கி, ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சங் பரிவாரத்தின் வழக்கம். அதை நாம் அனுமதிக்கக் கூடாது. இர்ஃபான் கேட்டது தம்முடையவர்களிடம். அதே கேள்வியைப் பெரும்பான்மைச் சமூகமும் தன்னிடம் கேட்டாக வேண்டும். அதே ஜூலை மாதத்தில்தான், குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டி வைத்து அடிக்கப்பட்டார்கள். பசுவின் பெயரால் தாத்ரியில் நடந்த கொலைக்கு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை.

நம் தரப்பிலும் ஒரு குறை உண்டு. இறை நம்பிக்கையாளர் ஒருவர் மதத்தைப் பற்றிப் பேசினால், அது நமக்குத் தொடர்பில்லாத பேச்சு என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் பொருள்முதல்வாதிகள், இர்ஃபான் நாத்திகர் அல்லர். ஆயினும் சடங்கின் பொருள் என்ன என்று கேட்கும் நம்பிக்கையாளர், மத நிறுவனத்தின் ஏகபோகத்தை உள்ளிருந்தே அசைக்கிறார். நம் தொழிற்சங்கங்களிலும் விவசாய சங்கங்களிலும் இருப்போரில் பெரும்பாலோர் நம்பிக்கையாளர்களே. அவர்களுடைய நம்பிக்கையை ஏளனம் செய்து அவர்களை மதவாதிகளிடமிருந்து மீட்க முடியாது. அவர்களுக்குள் எழும் இத்தகைய கேள்விகளுக்குத் துணை நிற்பதன் மூலமே அது முடியும்.

2020 ஏப்ரல் 29 அன்று, 53 வயதில், புற்றுநோய் அவரைப் பறித்துக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் குடியுரிமைக்கு மதத்தை அளவுகோலாக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. குத்தகைதாரர்கள் ஆளாத நாடு என்று அவர் நன்றி சொன்னது மதச்சார்பற்ற அரசமைப்புக்கான நன்றியே. நம்பிக்கையாளர் தம் மதத்தை அச்சமின்றிக் கேள்வி கேட்கவும், நம்பாதவர் அச்சமின்றி மறுக்கவும் அந்த அரசமைப்பே இடம் தருகிறது. அதைக் காப்பது நம் கடமை.