ஆயாவை வாட்ஸ்அப்பில் சேர்த்தாச்சு!

எங்க பங்குல வயசானவங்களோட "தொடர்பில் இருக்க" ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு மக்களே. தினமும் காலைல ரோஜாப்பூ படத்தோட ஒரு பைபிள் வசனம் வரும். அவ்ளோதான், தொடர்பு முடிஞ்சது.

எங்க தெருவுல ஒரு ஆயா. சின்ன வயசுல தறியில கரை நாடா தள்ளினவங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: கோர்வைச் சேலைன்னா உடல் ஒரு கலர், கரை வேற கலர். அந்தக் கரைக்கு நாடா தள்ள நெசவாளி பக்கத்துல இன்னொரு ஆள் உக்காரணும்.) இப்ப முட்டி போயி, கோயிலுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. குழுவுல இருக்கற நம்பர் மகனோடது. அவர் ஒரகடத்துல ஷிப்ட் வேலைல இருக்கார். போன மாசம் நான் போனப்ப ஆயா, "சாமியாரு சுகமா தம்பி?"ன்னாங்க. அவங்க கேட்ட ஃபாதர் மாற்றலாகிப் போயே ரெண்டு வருஷம்!

பி.காம்ல வாராக்கடன்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. இனி வராதுன்னு தெரிஞ்ச பாக்கியை நஷ்டத்துல எழுதித் தள்ளிடறது. நாம ஆயாவை அப்படித்தான் தள்ளிட்டோம். ஆனா திருவிழா வரி நோட்டைப் பாருங்க, அவங்க பேர்ல ஒரு வருஷம்கூட பாக்கி இல்ல. வரி வாங்க மட்டும் நாலு பேர் கும்பலா போயிருக்கோம் (அதுல நானும் ஒருத்தன், ஹி ஹி).

"2020லேர்ந்துதான் யூடியூப்ல பூசை வருதே"ன்னு ஒருத்தர் சொன்னார். ஊரடங்குல வேற வழியில்ல, சரி. இப்பவுமா? யூடியூப்ல பூசை பாக்கலாம், நன்மை வாங்க முடியுமா சார்? ஆயர் அனுமதியோட பொதுநிலையினரே நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போகலாம்னு ரோம் சொன்னது 1973ல!

அடுத்த சாக்கு, "ஃபாதர் பாத்துப்பார்". தனிமையில இருக்கறவங்களைப் பங்குத்தந்தை தேடிப் போகணும்னு 1983 திருச்சபைச் சட்டம் 529ல இருக்கு, மறுக்கல. ஆனா ஒத்தை ஆள் எத்தனை வீடு ஏறுவார்? அவர் திடீர்னு வந்து நின்னாலே அவஸ்தை பூசத்தான் வந்திருக்கார்னு பாதிப் பேர் பயப்படறாங்க. அடிக்கடி போயிருந்தா இந்தப் பயம் வருமா?

வின்சென்ட் தே பால் சபைன்னா ரிட்டயர்டு ஆளுங்க சமாச்சாரம்னு நாம நினைக்கறோம். 1833ல பாரிஸ்ல அதை ஆரம்பிச்ச ஓசானாமுக்கு வயசு 20. காலேஜ் பையன்! கூட இருந்ததும் பெரும்பாலும் மாணவர்கள்தான். அவங்க செஞ்ச முக்கியமான வேலையே ஏழைங்க வீட்டுக்கு நேர்ல போறது. நாம அதே வயசுல கிறிஸ்துமஸ் கேரல்னு போயி, ரெண்டு பாட்டு பாடி, கேக்கைத் தின்னுட்டு அஞ்சு நிமிஷத்துல அடுத்த வீட்டுக்கு ஓடறோம்.

அன்பியக் கூட்டமும் வீடு மாத்தி வீடு நடக்குது. ஆயா வீட்டுக்கு மட்டும் முறை வர்றதில்ல. இடம் பத்தாதாம், டீ போட ஆள் இல்லையாம். பிளாஸ்க்ல கொண்டு போனா என்ன குறைஞ்சிடும்?

நானும் ஒரு பிரெண்டும் சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் போறோம். எங்க ரெண்டு பேரால ஒரு வீடுதான் முடியுது. லிஸ்ட்ல இன்னும் நிறைய வீடு இருக்கு, யார் வர்றீங்க?

புது ஃபாதர் பேரைச் சொன்னேன். ஆயா ரெண்டு தடவை மெதுவா சொல்லிப் பாத்துக்கிட்டாங்க.