கங்கைதான் பக்கத்துல ஓடுதே!

ஹவுராவில் நம்ம ஆட்கள்கிட்ட மழைநீர் பத்திப் பேச்செடுத்தா ஒரே பதில்தான்: "கங்கையே பக்கத்துல ஓடுது, இங்க எதுக்கு சார் அதெல்லாம்?" சொல்றது யாரு? 2003-ல் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினதை இன்னிக்கும் பெருமையாப் பேசுற அதே சென்னைக்காரர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி போனப்போ, அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பினவரும் இவர்தான்.

கங்கை ஓடினாப் போதுமா? 2025 மார்ச்சில் பெல்காச்சியா குப்பைமேட்டுப் பக்கம் மண் சரிஞ்சு குடிநீர்க் குழாய் உடைஞ்சுது. ஆத்தங்கரை ஊரு தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்துச்சு. (மார்ச்சில் மழை ஏது, உன் டிரம் என்னத்தைக் கிழிச்சிருக்கும்னு கேப்பீங்க. கிழிச்சிருக்காதுதான். ஆறு பக்கத்துல இருந்தா குழாயில தண்ணி வந்துடாதுன்னு மட்டும் சொல்றேன்.)

மழைக்காலக் கணக்கைப் பாருங்க. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில 10 மி.மீ. பெஞ்சா 1000 லிட்டர். சேதாரம் போக 800 வரும்னு வைங்க. 200 லிட்டர் டிரம்முக்கு 3 மி.மீ. மழையே போதும். நாம அதைச் சந்துல விட்டுட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மடிச்சுக்கிட்டு கார்ப்பரேஷனைத் திட்டறோம். ஒரு டிரம் வெள்ளத்தைத் தடுக்கும்னு நான் கதை விடலை. தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊத்த, துணி அலச ஆகும். மழைத்தண்ணியில சோப்பு நுரைக்கறதை ஒரு தடவை பாருங்க. குடிக்க மட்டும் வேண்டாம். இது ஃபவுண்டரி ஊர், மாடியெல்லாம் கரி. ஒவ்வொரு மழையிலயும் முதல் பத்து நிமிஷத் தண்ணியை வெளிய விட்டுடணும்.

டெங்கு? இது நியாயமான கேள்வி. ஏடிஸ் கொசு முட்டையிடறது இப்படித் தேங்கி நிக்கற நல்ல தண்ணியிலதான். இறுக்கமான மூடி, குழாய் வாயில கொசுவலை, வாரத்துக்கு ஒருதரம் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவறது. இதுக்குச் சோம்பல்னா தயவுசெஞ்சு டிரம் வைக்காதீங்க.

"வாடகை வீடு சார், பாடிவாலா விடமாட்டார்." கேட்டுப் பாத்தீங்களா? எங்க பாடிவாலா ரெண்டு நாள் இழுத்தடிச்சார். அவரோட செம்பருத்திச் செடிக்கும் பங்கு உண்டுன்னதும் அவரே பிளம்பரைக் கூட்டிட்டு வந்துட்டார் :-)