வெண்ணுதலும் நாமமும்: ஒரு நீர்ப்பறவைப் பெயரும் அதன் செருமானிய இணையும்

தொகைச்சொல் ஒன்றன் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் புணர்ச்சி விதியோடு நின்றுவிடுகின்றனர். பெயரிட்டோர் எதைக் கண்டு பெயரிட்டனர் என்பதை நோக்குவதில்லை. இக்குறையை 'நாமக்கோழி' என்னும் பெயர் தெளிவாக உணர்த்துகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளில் காணப்படும் இப்பறவைக்கு உடல் கருமை. அலகிலிருந்து நெற்றிமீது ஏறும் பட்டை வெண்மை. 'நாமத்தை உடைய கோழி' என விரியும் இப்பெயர் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். இராமாநுசர் அவதரித்த திருப்பெரும்புதூரில் நாமம் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

செருமானியர் இதனைப் 'பிளெஸ்ஹூன்' என்பர். 'பிளெஸ்ஸே' குதிரை, மாடு ஆகியவற்றின் நெற்றி வெண்மையைக் குறிக்கும், 'ஹூன்' கோழி. ஒரு மொழி சமயக் குறியையும் மற்றொன்று கால்நடைக் குறியையும் கொண்டு ஒரே அடையாளத்தைச் சுட்டின. இது கடன் அன்று. ஒத்த காட்சி ஈன்ற ஒப்புமை. உயிரியல் வகைப்பாட்டில் இப்பறவை கோழியினம் அன்று என்பதும் இரண்டிற்கும் பொது.

ஒப்புமை இவ்வளவில் முடியவில்லை. பழைய உயர் செருமானியத்தில் இதன் பெயர் 'பெலிஹா' என்னும் தனிச்சொல். அது இன்று 'பெல்ஹெ' என வட்டார வழக்கில் எஞ்சியுள்ளது. பொருள் விளங்காத தனிச்சொல் ஒதுங்க, பொருள் விளங்கும் தொகை பொதுவழக்காயிற்று. தமிழிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்திருத்தல் கூடும். ஐங்குறுநூற்றின் 85ஆம் பாடலில் ஓரம்போகியார் கம்புளுக்குத் தரும் அடை நெற்றியின் வெண்மையே. கம்புளைச் சம்பங்கோழி எனக் கொள்ளும் மரபு உண்டு. ஆயின் சம்பங்கோழிக்கு முகம் முதல் வயிறு வரை வெண்மை படர்ந்துள்ளது. அதனைக் கண்ட புலவர் நெற்றியை மட்டும் சுட்டுவானேன்? அடையின் வரையறையை நோக்க, அப்பாடலின் கம்புள் நாமக்கோழியே எனக் கொள்வது பொருந்தும்.

இம்முடிபை வலியுறுத்தவோ மறுக்கவோ வேண்டிய சான்று ஏடுகளில் மட்டும் இல்லை. ஏரிப்பாசன உழவர் நாவிலும் உண்டு. டெய்ம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலை 2012 முதல் இயங்கும் ஒரகடப் பகுதியில் வயல்கள் தொழிற்பூங்காக்களாகி வருகின்றன. உழவு நீங்கிய ஊரில் பறவை எஞ்சினாலும் அதன் பெயர் எஞ்சாது. ஆதலின் சங்கப் புள்ளினங்களை அடையாளங்காணும் ஆய்வு, உரைகளை ஒப்பிடுவதோடு அமையாமல், ஏரிக்கரை வழக்குகளைத் தொகுப்பதையும் உடனே தன் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.