வலியை மறைப்பது வீரமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது பழமொழி. ஓடுகிறவளுக்குக் காலே சுவர். அந்தக் காலை நாம் எவ்வளவு மதிக்கிறோம்?

நம் திருவண்ணாமலை கால்களால் பெருமை பெற்ற ஊர். பௌர்ணமிதோறும் திரளான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறார்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் உண்டு. பக்திக்காகப் பொறுத்துக்கொள்ளும் அந்த வலி பயணத்தோடு முடிகிறது. ஓட்டக்காரியின் வலியோ நாள்தோறும் அதே இடத்தில் அடிபட்டு வளர்கிறது. இரண்டையும் ஒரே பொறுமை என்று எண்ணுவது தவறு.

விளையாட்டு விழா நெருங்கும்போது கணுக்கால் வலியோடு ஓடும் மாணவியர் நம்மிடையே உண்டு. சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயம். வீட்டிலோ, "பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று ஒரேயடியாக நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். ஆகவே வலி வாய்க்கு வருவதில்லை.

பி. டி. உஷாவை அறியாதார் யார்? 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தவர். 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் காயத்தோடு ஓடி, முதற்சுற்றிலேயே வெளியேறினார். அவரைத் தூற்றியவர் பலர். அடுத்த ஆண்டே டில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 4 தங்கமும் 2 வெள்ளியும் வென்றார். 1988-இல் அவருக்கு மனவுறுதி குறைவு என்று நாம் கருதவில்லை. குதிகால்தான் இடம் தரவில்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன்மேல் விழுகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், உள்ளங்காலின் தசைநார் புண்பட்டிருக்கலாம். எலும்பின்மேல் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தால், அது மயிரிழை முறிவாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்-ரே படத்தில்கூட அது தெரியாமல் போகும். சரியாக உண்ணாமல் ஓடும் பெண்களுக்கு இந்த முறிவு எளிதில் வரும். வீங்கிய காலை எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவது கேட்டை மிகுவிக்கும். ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமுமே முதலுதவி. சில நாட்களில் தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்லவேண்டும். தேறியபின் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும்.

ஆகையால் அன்புள்ள பெற்றோரே, மகள் கால் வலிக்கிறது என்றால் சாக்கு என்று தள்ளாதீர்கள். ஓட்டத்தையே நிறுத்தவும் செய்யாதீர்கள். அளவான காலணியும், கேழ்வரகும் கீரையும் பாலும் கொடுங்கள். மதிப்பிற்குரிய சகோதரிகளே, ஆசிரியைகளே, வலியைச் சொன்னவளுக்கு அணியில் இடம் காத்திருக்கும் என்று உறுதி கூறுங்கள். தோழியரே, நாமும் வாய் திறப்போம்.

புனித சின்னப்பர் விசுவாச வாழ்வை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டார். ஓட்டம் நீண்டது. இந்த ஆண்டின் ஒரு கோப்பைக்காக வரும் ஆண்டுகளின் கால்களை இழப்பது வீரமல்ல. இறைவன் தந்த உடலைப் பேணி, நாளையும் ஓடுவதே வீரம்.